கன்ட்ரி பாட்டும் படமும்: என் கணக்கில் முதலிடம் 'டெண்டர் மெர்சீஸ்' படத்துக்குத்தான்

#1 பழைய ரேடியோ

அமெரிக்காவின் கன்ட்ரி இசையை வைத்து எடுத்த படங்களில் எது சிறந்தது என்று போன வாரம் வேறொரு இழையில் பேச்சு வந்தது. முக்கால்வாசிப் பேர் பாடகர் ஜானி கேஷின் கதையான 'வாக் த லைன்' என்றார்கள். அங்கே இரண்டு வரி எழுதிவிட்டு வந்தேன், மனசு ஆறவில்லை. அதனால் இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

எனக்கு முதலிடம் 1983-இல் வந்த 'டெண்டர் மெர்சீஸ்'. இரண்டாமிடம் யாருக்கு என்று வேண்டுமானால் சண்டை போடலாம். முதலிடத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

காரணம் சொல்வதற்கு முன் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கன்ட்ரிக்குள் வந்தது கல்லூரி விடுதி மொட்டைமாடி வழியாக. யாராவது ஒருவர் கிட்டார் வைத்திருப்பார், ஜான் டென்வரின் 'கன்ட்ரி ரோட்ஸ்' பாடுவார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வோம். நம்மில் நிறையப் பேருக்கு வாசல் அதுதான். அப்புறம் ஒரு சீனியர் ஹாங்க் வில்லியம்ஸ் சிடி ஒன்றைக் கொடுத்தார். அதில் 'ஐம் சோ லோன்சம் ஐ குட் க்ரை' இருந்தது. 1949-இல் பதிவான பாட்டு, மூன்று நிமிஷம்கூட ஓடாது. ஒரு பறவை, நள்ளிரவு ரயில், மேகத்துக்குப் பின்னால் ஒளியும் நிலா, உதிரும் இலை. இவ்வளவுதான் அதில் இருக்கிறது. யார் பிரிந்தார்கள், ஏன் பிரிந்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. பாடுகிறவர் அழவும் இல்லை. அன்று இரவு அந்த ஒரு பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதைப் பாடியவர் 1953 ஜனவரி 1 அன்று, ஓஹியோவில் நடக்கவிருந்த கச்சேரிக்குப் போகும் வழியில், காரின் பின் சீட்டிலேயே இறந்துபோனார். வயசு 29. இது தெரிந்த பிறகு அந்தப் பாட்டைக் கேட்பது வேறு மாதிரி இருந்தது.

நல்ல கன்ட்ரி பாட்டில் சோகத்தைச் சொல்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிதான் சொல்வார். கேட்கிறவருக்குத்தான் தொண்டை அடைக்கும். படம் எடுக்கிறவர்கள் பல பேருக்கு இது பிடிபடுவதில்லை. குடி, விவாகரத்து, மேடையில் தடுமாறி விழுவது, கடைசியில் கைதட்டலோடு மீண்டு வருவது என்று எல்லாவற்றையும் சத்தமாகக் காட்டுகிறார்கள்.

'டெண்டர் மெர்சீஸ்' அப்படிச் செய்வதில்லை. மேக் ஸ்லெட்ஜ் என்று ஒரு பாடகர், குடித்து எல்லாவற்றையும் தொலைத்தவர், டெக்சஸில் ஒரு ரோட்டோர மோட்டலில் கண் விழிக்கிறார். கையில் காசில்லை. மோட்டலை நடத்தும் இளம் விதவையிடம் வேலை செய்து வாடகையைக் கழிக்கிறார். பிறகு அவளையே மணக்கிறார். அந்தக் கல்யாணத்தைப் படம் காட்டுவதே இல்லை. குடியை எந்த நாளில், எப்படி விட்டார் என்றும் காட்டுவதில்லை. தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டே, கல்யாணம் பண்ணிக்கொள்ள யோசிப்பாயா என்று கேட்கிறார், அவ்வளவுதான். மேக்காக நடித்த ராபர்ட் டுவால் பாட்டுகளைச் சொந்தக் குரலில் பாடினார். அவருக்கும், திரைக்கதை எழுதிய ஹார்ட்டன் ஃபூட்டுக்கும் ஆஸ்கர் கிடைத்தது. இயக்கியவர் ஆஸ்திரேலியரான புரூஸ் பெரஸ்ஃபோர்ட். அமெரிக்காவில் அவருக்கு இதுதான் முதல் படம்.

நடுவில் ஒரு ஜன்னல் காட்சி வரும். பார்க்காதவர்களுக்காக அதை மட்டும் சொல்லாமல் விடுகிறேன்.

'வாக் த லைன்' மோசமான படம் என்று சொல்ல வரவில்லை. ஹாக்கின் ஃபீனிக்ஸும் ரீஸ் விதர்ஸ்பூனும் தாங்களே பாடியதற்கு எத்தனை பாராட்டினாலும் தகும். ஆனால் ஜானி கேஷின் அண்ணன் 1944-இல் மர அறுவை ரம்பத்தில் சிக்கி இறந்ததை எடுத்துக்கொண்டு, அவர் வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரு ஆணியில் மாட்டிவிட்டது படம். கேஷின் பாட்டுகள் அவ்வளவு எளிதாக விளங்கிவிடுவதில்லை.

#2 பழுப்புக்கரி

அண்ணா, ரசித்துப் படித்தேன். ஆனால் பாடகி லோரெட்டா லின்னின் கதையான 'கோல் மைனர்ஸ் டாட்டர்' பற்றி ஒரு வரிகூட இல்லையே. இதை எப்படி விட்டீர்கள்?

நான் நெய்வேலியில் வளர்ந்தவள். அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. எங்கள் ஊர்ச் சுரங்கம் திறந்தவெளி, பெரிய பெரிய இயந்திரங்கள் மண்ணைச் சுரண்டி எடுக்கும். லோரெட்டா லின்னின் அப்பா வேலை பார்த்த கென்டக்கிச் சுரங்கம் அப்படியில்லை, மலைக்குள் குனிந்து போக வேண்டும். இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்தில் அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறபோது பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, இன்றைக்கு அப்பா எப்படி இருக்கிறார் என்று அளந்து பார்க்கிற பார்வை, அது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அப்பாவாக நடித்தவர் லெவோன் ஹெல்ம். 'த பேண்ட்' குழுவின் டிரம்மர், ஆர்கன்சாவில் பருத்தி விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். அவருக்கு அது முதல் படம் என்று நம்பவே முடியவில்லை.

தன் வேடத்துக்குச் சிசி ஸ்பேசெக்கைத் தேர்ந்தெடுத்ததே லோரெட்டாதான், புகைப்படத்தைப் பார்த்து. ஸ்பேசெக் அவருடனேயே ஊர் ஊராகப் போய் அந்தப் பேச்சையும் பாட்டையும் கற்றுக்கொண்டார். படத்தில் லோரெட்டா பாடும் பாட்டெல்லாம் ஸ்பேசெக்கின் சொந்தக் குரல். 1980-ஆம் ஆண்டுப் படத்துக்கான சிறந்த நடிகை ஆஸ்கர் அவருக்குத்தான்.

இன்னொன்று. நீங்கள் சொல்லும் அடக்கம் எல்லாம் ஆண்கள் பாட்டுக்குப் பொருந்தலாம். லோரெட்டா அடங்கிப் பாடியவர் இல்லை. 1975-இல் கருத்தடை மாத்திரையைப் பற்றி 'த பில்' என்று ஒரு பாட்டு வெளியிட்டார். நிறைய ரேடியோ நிலையங்கள் அதைப் போட மறுத்தன. சின்ன வயசிலேயே கல்யாணமாகி வரிசையாகப் பிள்ளை பெற்ற ஒரு பெண், இனி என் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கணவனிடம் சொல்கிறாள். அதில் எங்கே மெல்லிய குரல்?

#3 இரவுப் பேருந்து

நான் இதற்குப் புதுசு. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். கன்ட்ரி என்றால் கௌபாய் தொப்பி, குதிரை, அப்புறம் லாரி என்றுதான் நினைத்திருந்தேன். நாலைந்து பாட்டு கேட்டுப் பார்த்தேன், மெட்டு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பித்தால் பிடிபடும்?

#4 ஆறு கம்பி

தம்பி, நல்ல கேள்வி. நான் கிட்டார் வாசிக்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மெட்டு ஒரே மாதிரி இருப்பது குறையில்லை. பெரும்பாலான பாட்டுகளில் மூன்று கார்டுதான் (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்). 'மூன்று கார்டு, அப்புறம் உண்மை' என்று பாடலாசிரியர் ஹார்லன் ஹவர்ட் சொன்னதாக ஒரு பேச்சே உண்டு. கார்டு மாறாதபோது காது வார்த்தைக்குப் போகும். அதற்காகத்தான் அப்படி வைக்கிறார்கள்.

தொப்பி பெரும்பாலும் ஹாலிவுட் கொடுத்தது. 1930-களில் ஜீன் ஆட்ரி மாதிரிப் பாடுகிற கௌபாய்கள் படங்களில் வந்தார்கள், உடை அவர்களோடு ஒட்டிக்கொண்டது. இசையின் வேரில் நிறைய மலைப்பகுதியில் இருக்கிறது. 1927 கோடையில் ரால்ஃப் பியர் என்பவர் டென்னசியும் வர்ஜீனியாவும் சேரும் எல்லையில் உள்ள பிரிஸ்டல் ஊருக்குப் பதிவுக் கருவிகளோடு வந்து, பாடத் தெரிந்தவர்கள் வரலாம் என்று அறிவித்தார். மலையிலிருந்து கார்ட்டர் குடும்பம் இறங்கி வந்தது. ரயில்வேயில் பிரேக்மேனாக இருந்து, காசநோயால் அந்த வேலையை விட்ட ஜிம்மி ராட்ஜர்ஸும் வந்தார். ஒரே வாரத்தில், ஒரே இடத்தில் இரண்டு பேரும் கிடைத்தார்கள். வீட்டையும் கோயிலையும் பாடியது ஒரு பக்கம், ரயிலேறி ஊர்சுற்றுவதைப் பாடியது மறுபக்கம். இன்றுவரை கன்ட்ரி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் போய்வந்து கொண்டிருக்கிறது.

எனக்கு உயிர் பெடல் ஸ்டீல் கிட்டார். பாட்டுக்குப் பின்னால் இழுத்து இழுத்து ஒரு விசும்பல் கேட்குமே, அதுதான். மேஜை மாதிரி கிடத்தி வைத்து, ஒரு கையில் எஃகுத் துண்டைக் கம்பி மேல் நகர்த்தி, கால் பெடலாலும் முழங்கால் லீவராலும் சுருதியை ஏற்றி இறக்குவார்கள். நம் சித்திரவீணையைக் கேட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். அதிலும் வீணைக்கு இருப்பது போல விரல் வைக்கும் மெட்டுக் கட்டைகள் கிடையாது, கம்பி மேல் ஒரு துண்டை வழுக்கிக்கொண்டே ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குப் போக வேண்டும். நான் முதன்முதலில் ஸ்டீல் கிட்டார் கேட்டபோது, இது கமகம்தானே என்றுதான் நினைத்தேன். இந்தக் கருவியின் பூர்வீகம் ஹவாய். அங்கிருந்து அமெரிக்கா முழுக்கப் பரவி, பிறகு பெடலும் சேர்ந்துகொண்டது. 1954-இல் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பிரபலமானபோது அதில் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்து எழுப்பிய சத்தத்தைக் கேட்டு, மற்ற ஸ்டீல் வாசிப்பவர்கள் தங்கள் கருவியிலும் பெடல் மாட்டக் கிளம்பினார்கள்.

ஆரம்பிக்க ஒன்று சொல்கிறேன். பேட்ஸி கிளைன் பாடிய 'கிரேஸி', 1961. எழுதியவர் வில்லி நெல்சன். ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

#5 கறுப்பு வெள்ளை

பாடகரைப் பற்றிய படங்களையே எல்லோரும் சொல்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை சிறந்த கன்ட்ரி படத்தில் பாடகரே கிடையாது. பீட்டர் போக்டனோவிச்சின் 'த லாஸ்ட் பிக்சர் ஷோ', 1971.

டெக்சஸில் காற்றும் புழுதியும் அடிக்கிற ஒரு சின்ன ஊர், காலம் 1951. படத்துக்கென்று பின்னணி இசை போடவில்லை. ஓட்டை லாரியின் ரேடியோ, சாப்பாட்டுக் கடையின் ஜூக்பாக்ஸ், யாரோ வீட்டில் வைத்த ரெகார்ட், இவற்றிலிருந்து வருகிற பாட்டு மட்டும்தான். அதில் நிறைய ஹாங்க் வில்லியம்ஸ். அந்த ஊர் மனிதர்கள் யாரும் அந்தப் பாட்டை உட்கார்ந்து ரசிப்பதில்லை. அது தன்போக்கில் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் வாயால் சொல்ல முடியாததை எல்லாம் ரேடியோ சொல்லிக்கொண்டிருக்கிறது. ஊரில் சினிமாக் கொட்டகை மூடப்படும்போது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. எங்கள் ஊர்க் கொட்டகையைக் கல்யாண மண்டபமாக மாற்றிய நாளில் நான் வாசலில் நின்றிருந்தேன்.

பழைய ரேடியோ சொல்லும் அளவுகோலையே வைத்துப் பார்த்தாலும் இந்தப் படம்தான் முன்னால் நிற்கும்.

#6 பழைய ரேடியோ

இரண்டு பேரும் என்னை நன்றாக யோசிக்க வைத்துவிட்டீர்கள்.

தங்கச்சி, லோரெட்டா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 'மெல்லிய குரல்' என்று நான் பொதுப்படுத்தியது தப்பு. நேராகச் சொல்வது என்று எழுதியிருக்க வேண்டும். 'த பில்' அதில்தான் சேரும், சுற்றி வளைப்பதே இல்லை. படத்தை விட்டது என் பிழைதான்.

கறுப்பு வெள்ளை, உங்கள் வாதம் பலமானது. அதே வரிசையில் 'ஃபைவ் ஈஸி பீசஸ்' (1970) படத்தையும் சேருங்கள். டாமி வைனெட்டின் 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' ரெகார்டில் ஓடும். எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கும் நாயகன், பணக்கார இசைக் குடும்பத்திலிருந்து ஓடிவந்தவன். அந்தப் பாட்டை அவனால் தாங்க முடியாது, அவன் காதலிக்கு அதுதான் உலகம். இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள தூரம் ஒரு ரெகார்டில் தெரிந்துவிடும். ஆனாலும் முதலிடத்தை நான் விட்டுத்தர மாட்டேன். ரேடியோவில் பாட்டு வருவது ஒன்று, பாட்டையே தொழிலாக வைத்திருந்தவன் பாடாமல் இருப்பது இன்னொன்று. 'டெண்டர் மெர்சீஸ்' இரண்டாவதைத் தொடுகிறது.

கேஷ் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஃபால்சம் சிறையில் 1968 ஜனவரி 13 அன்று பதிவான ஆல்பத்தை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். 'ஃபால்சம் பிரிசன் புளூஸ்' பாட்டில் ரீனோவில் ஒருவனைச் சுட்டதாகச் சொல்லும் அந்த வரி வந்ததும் கைதிகள் ஆரவாரம் செய்வது, பின்னால் ஸ்டூடியோவில் சேர்த்தது. காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்க அப்படிக் கத்த அவர்களுக்குத் துணிச்சல் வரவில்லை. இது தெரிந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த இடத்தில் கைதிகளின் அமைதியை அப்படியே விட்டிருந்தால் இன்னும் பெரிய ஆல்பமாகியிருக்கும். அதே கச்சேரியில் கடைசிப் பாட்டு, 'கிரேஸ்டோன் சாப்பல்', அந்தச் சிறையில் இருந்த கைதி கிளென் ஷெர்லி எழுதியது. கேஷ் முந்தின நாள் இரவுதான் அதைக் கற்றுக்கொண்டார். தன் பாட்டைக் கேஷ் பாடப்போவது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதருக்குத் தெரியாது. இதை ஒரு முழுப்படமாக எடுக்கலாம்.

இரண்டாவது, 'ஹர்ட்' பாட்டுக்கு மார்க் ரோமானெக் எடுத்த வீடியோ. நாலு நிமிஷம்தான், ஆனால் கேஷைப் பற்றிய மிகச் சிறந்த படம் எனக்கு அதுதான். பாட்டு டிரெண்ட் ரெஸ்னருடையது, ராக் பாட்டு. மூடிக் கிடந்த அவர் அருங்காட்சியகத்தின் காட்சிகளுக்கு நடுவே கை நடுங்க உட்கார்ந்திருக்கிறார் கேஷ். மாடிப்படியில் நின்று அவர் மனைவி ஜூன் கார்ட்டர் அவரைப் பார்க்கிறார். அந்த மே மாதமே ஜூன் போய்விட்டார். செப்டம்பரில் கேஷும் போனார். 2003.

#7 தெருமுனை

எல்லாம் சரி, ஆனால் இதுவரை பேசிய பெயர்களைப் பாருங்கள். எல்லோரும் வெள்ளையர்கள். கன்ட்ரியின் கதை அப்படி ஆரம்பிக்கவில்லை.

கன்ட்ரியில் வாசிக்கும் பேஞ்சோ என்ற கம்பிக் கருவி ஆப்பிரிக்க அடிமைகள் கொண்டுவந்த கருவி வழியில் வந்தது. நீங்கள் கொண்டாடும் ஹாங்க் வில்லியம்ஸுக்குச் சின்ன வயசில் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் அலபாமாவில் தெருவில் வாசித்த கறுப்பினக் கலைஞர் ரூஃபஸ் பேன். 'டீ டாட்' என்று கூப்பிடுவார்கள். டென்னசியில் உள்ள, கன்ட்ரியின் தலைநகர் மாதிரியான நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சிக்கு அந்தப் பெயரே 1927-இல் விழுந்தது. அந்த இரவில் மவுத் ஆர்கனில் ரயில் ஓடுவதை வாசித்துக் காட்டியவர் டிஃபோர்ட் பெய்லி, அவரும் கறுப்பினத்தவர். 1941-இல் அவரை நிகழ்ச்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிறகு நாஷ்வில்லிலேயே ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். கன்ட்ரி ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் ஏறியது 2005-இல், அவர் இறந்து 23 வருஷம் கழித்து.

சார்லி பிரைடின் முதல் ரெகார்டுகளை ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பியபோது கம்பெனி அவர் படத்தைக் கூட வைக்கவில்லை. குரலை மட்டும் கேட்டுப் போட்டார்கள். 1971-இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது அவருக்கு. மிசிசிப்பியில் பருத்தி எடுத்த குடும்பத்துப் பிள்ளை. இவ்வளவு இருந்தும் இவர்களை வைத்து நல்ல கதைப்படம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பியான்சே 2024-இல் 'கௌபாய் கார்ட்டர்' போட்டபோது, இவர் எதற்குக் கன்ட்ரிக்குள் வருகிறார் என்று கேட்டவர்களுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

#8 ஆறு கம்பி

தெருமுனை சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் நன்றி. டிஃபோர்ட் பெய்லியின் 'பான் அமெரிக்கன் புளூஸ்' பதிவைக் கட்டாயம் கேளுங்கள். ஒரு ஆள், ஒரு மவுத் ஆர்கன். நீராவி ரயில் தூரத்தில் தெரிந்து, கிட்டே வந்து, கடந்துபோகும்.

படத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு கோயன் சகோதரர்களின் 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?'-க்கு. 2000-இல் வந்தது. பாட்டுகளைப் படப்பிடிப்புக்கு முன்னாலேயே டி-போன் பர்னெட் பதிவு செய்துவிட்டார், படம் பாட்டின் மேல் நடக்கிறது. ஜார்ஜ் குளூனிக்குக் குரல் கொடுத்தவர் டான் டிமின்ஸ்கி. ஆனால் எனக்கு மறக்காதது ரால்ஃப் ஸ்டான்லி, எந்தக் கருவியும் இல்லாமல் மரணத்திடம் கெஞ்சிப் பாடும் 'ஓ டெத்'. எழுபது தாண்டிய குரல், கூடத் தம்புரா சுருதிகூடக் கிடையாது. அந்த ஆல்பம் 2002-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியை வாங்கியது.

ஆல்ட்மேனின் 'நாஷ்வில்' (1975) பற்றி யாராவது கேட்பீர்கள். நல்ல படம். ஆனால் நடிகர்களே எழுதிப் பாடிய பாட்டுகள் பலவும் கன்ட்ரி மாதிரி இருக்கின்றன, கன்ட்ரியாக இல்லை. நாஷ்வில் ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்காமல் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

#9 பழுப்புக்கரி

டாலி பார்ட்டனை யாரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' விட்னி ஹூஸ்டன் பாட்டு என்றுதான் நம்மில் நிறையப் பேர் நினைத்திருப்போம். 1974-இல் அதை வெளியிட்டவர் டாலி. எழுதியதும் அவரே. அது காதலனுக்கு எழுதியதில்லை. தன்னை வளர்த்துவிட்ட போர்ட்டர் வேகனரின் நிகழ்ச்சியிலிருந்து விலகும்போது, அவருக்கு விடைசொல்ல எழுதியது. எல்விஸ் அதைப் பாட விரும்பினார். ஆனால் எல்விஸின் மேனேஜர் பாட்டின் உரிமையில் பாதி கேட்டார். டாலி தர மறுத்துவிட்டார். அன்று இரவெல்லாம் அழுததாகப் பின்னால் சொல்லியிருக்கிறார். 1992-இல் 'த பாடிகார்ட்' படத்தில் விட்னி பாடியபோது அந்த உரிமை முழுசாக டாலியின் கையில் இருந்தது.

இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். விட்னி விண்ணைத் தொடுகிறார், அதில் மாற்றுக் கருத்தில்லை. டாலி ஒரு இடத்தில் பாடுவதை நிறுத்திவிட்டுச் சும்மா பேசுவார், நல்லா இருங்க என்று வாழ்த்துகிற மாதிரி. எனக்கு அந்த இடம் போதும்.

#10 இரவுப் பேருந்து

நேற்று இரவு 'டெண்டர் மெர்சீஸ்' பார்த்துவிட்டேன். பழைய ரேடியோ அண்ணா சொல்லாமல் விட்ட காட்சியை நான் சொல்கிறேன், பார்க்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

பல வருஷம் பார்க்காத மகள் தேடி வருகிறாள். வளர்ந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. சின்ன வயசில் புறாவைப் பற்றி ஒரு பாட்டு பாடுவீர்களே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறாள். இல்லையே என்கிறார். அவள் காரில் ஏறிப் போகிறாள். அவர் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டே அந்தப் பாட்டைப் பாடுகிறார். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

ஏன் இல்லை என்று சொன்னார்? படம் சொல்லவே இல்லை. காலையில் பஸ்ஸில் வரும்போதும் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்தேன், ஃபெர்லின் ஹஸ்கி 1960-இல் பாடிப் பெரிய ஹிட் ஆனது. அழகாக இருக்கிறது. ஆனால் எனக்கு ஜன்னலோரத்தில் கேட்டதுதான் காதில் நிற்கிறது.

அடுத்து அக்கா சொன்ன லோரெட்டா படம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.

#11 பழைய ரேடியோ

தம்பி, எனக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் வேறு வேறு காரணம் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு, அப்பா என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள்.